அத்தை கேட்ட எண்கள்

பிப்ரவரி 11, திங்கள்

இன்று நான்கு பேருக்கு இல்லை என்று எழுதினேன். அவர்களில் ஒருவர் மட்டும் ரசிக்கும்படி பொய் சொல்லியிருந்தார். பெரிய ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறாராம், கட்டிலுக்கு ஒரு எண் வேண்டுமாம். கட்டில் வாங்கிய ரசீது, பொறியாளர் வரைபடம் எல்லாம் இணைத்திருந்தார். கொடுத்த விலாசத்தை வானத்திலிருந்து எடுத்த படத்தில் தேடினால் அங்கே ஒரு டயர் கடை. "தங்கள் ஆஸ்பத்திரியின் முற்றத்தில் டயர்கள் எதற்கு என்று விளக்கவும்" என்று பதில் போட்டேன். இனி எழுத மாட்டார்.

பக்கத்து மேசை மாரிவிக் எட்டிப் படித்துவிட்டு, ஒரு "மன்னிக்கவும்" சேர்த்தால் குறைந்தா போய்விடுவாய் என்றாள். மணிலாக்காரி. எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பாள், லிஃப்ட்டிடம்கூட.

எதற்கு மன்னிப்பு? இணையத்தில் நிற்கும் எந்த இயந்திரத்துக்கும் ஓர் எண் வேண்டும். ஆசியாவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் அந்த எண்களைப் பங்கிட்டுத் தருவது பிரிஸ்பேனில் இருக்கும் இந்தப் பதிவகம். பழைய வகை எண்கள் தீர்ந்துவிட்டன. புதிய வகை கடற்கரை மணல் போலக் கிடக்கிறது, ஆனால் உலகத்தில் பாதி இயந்திரங்கள் இன்னும் பழையதோடு மட்டும்தான் பேசும். அதனால் எல்லோருக்கும் பழையதில் ஒரு பிடி வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அகப்பை என் கையில் இருக்கிறது. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, அதை வெளியே சொல்லக் கூடாது.

பிப்ரவரி 14, வியாழன்

எங்கள் தலைவர் டெரன்ஸ் மே நடுவில் வேலையை விட்டுப் போகிறார். எண் வழங்கும் பிரிவுக்குப் புதிய தலைவர் தேவை.

எனக்கு வேண்டும். இந்த வரியை எழுதியபின் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஆம், எனக்கு வேண்டும். இத்தனை காலத்தில் தீவுகளிலிருந்து வந்த யாரும் அந்த அறையில் உட்கார்ந்ததில்லை. கூட்டங்களில் எங்களுக்குக் கழுத்தில் பூமாலை போட்டுப் படம் எடுப்பார்கள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 26, செவ்வாய்

புதிய விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. ஓராண்டுக்கு மேல் புழக்கத்தில் இல்லாத எண்களைத் திரும்ப எடுத்து, காத்திருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பசிபிக் பட்டியல் என் பொறுப்பு. காலையில் திறந்தேன். செத்துப்போன நிறுவனங்கள், திவாலானவர்கள், மறந்துபோனவர்கள். நடுவில் மாகா.

மாகா என் தம்பி தோமாசியின் மூத்த மகன். வவாவுவில், எங்கள் தீவில், தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் கோபுரம் நட்டு இணையம் கொடுத்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம், மருந்தகம், திமிங்கிலம் பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதிகள் எல்லாம் அவனுடைய வாடிக்கை. ஆயிரத்துச் சொச்சம் எண்கள் அவன் பெயரில் உண்டு. அவனே விண்ணப்பித்து வாங்கினான், கொடுத்தவள் மாரிவிக், நான் அந்தக் கோப்பைத் தொடவில்லை. போன ஆண்டுப் புயலில் கோபுரம் விழுந்தது. அன்றிலிருந்து தலைநகரத்துப் பெரிய நிறுவனத்தின் இணைப்பை இரவல் வாங்கி ஓட்டுகிறான். அவனுடைய எண்கள் தூங்குகின்றன.

விதியில் விலக்கு இருக்கிறது. இயற்கைப் பேரழிவு என்றால் ஆட்சேபம் அனுப்பலாம். வனுவாட்டுக்காரர்கள் அனுப்பினார்கள், ஃபிஜிக்காரர்கள் அனுப்பினார்கள். இரண்டையும் ஏற்றவள் நான்தான். மாகாவும் அனுப்பியிருக்கிறான். பாதி எழும்பிய புதுக் கோபுரத்தின் படங்கள், கப்பலில் வந்த சாமான்களின் விவரம், என்ன வேலை எப்போது முடியும் என்ற திட்டம். ஓட்டை தேடுவதே என் பிழைப்பு. இதில் ஓட்டை இல்லை.

பிப்ரவரி 27, புதன்

டெரன்ஸ் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சிரித்த முகத்தோடு: "பட்டியல்ல ஒரு பேர் பார்த்தேன். உன் குடும்பப் பேர்தானே, லோசா? ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற பாலங்கியை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் வெள்ளைக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் பெயர், பாலங்கி.

மாரிவிக்குக்குக் காது பெரிது. அந்தக் கோப்பை என்னிடம் கொடு, நான் பார்க்கிறேன், அதுதான் முறை என்றாள். முறைதான். ஆனால் அவள் பார்த்தால் ஏற்பாள். ஏற்றதும், தோழி மூலமாகக் காரியம் சாதித்தாள் லோசா என்பார்கள். தேர்வுக் குழுவில் ஆறு நாட்டுக்காரர்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மார்ச் 3, ஞாயிறு

பக்கத்து லோகன் நகரில், எங்கள் ஊர்க்காரர்கள் கூடும் தேவாலயத்தில் ஆராதனை. போதகர் எதைப் பற்றிப் பேசினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முழு நேரமும் ஒரே யோசனை.

நான் விலக்குக் கொடுத்தால் கறை. மாரிவிக் கொடுத்தாலும் கறை. விதிக்குள் வருகிற ஆட்சேபத்தை நிராகரிக்கவும் முடியாது, மேல்முறையீட்டில் நாறிவிடும். ஆனால் அவனே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால்? அப்போது என் கை எங்கும் படவில்லை.

அவன் ஏன் கொடுப்பான்? நான் கேட்டால் கொடுப்பான். எங்களில் அப்பாவின் மூத்த சகோதரி அப்பாவுக்கும் மேலே. தம்பி வீட்டில் அவள் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. சின்ன வயதில் என் அத்தை வந்து எங்கள் வீட்டுப் பெரிய பன்றியைக் கைகாட்டினாள். அம்மா கயிற்றை அவிழ்த்துக் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். அத்தை போனபிறகுதான் அழுதாள். அத்தை கேட்டு இல்லை என்று சொல்வது எப்படி என்று எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத் தருவதே கிடையாது.

நான் இதுவரை ஒரு பாய் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு பாய். அப்படியென்றால் எனக்கு வர வேண்டியது நிறைய மிச்சம் இருக்கிறதே.

மார்ச் 5, செவ்வாய்

பேசிவிட்டேன். எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றி நினைத்துக்கொள்ளக் கூடாது.

எடுத்ததும் சாப்பிட்டீர்களா என்று கேட்டான். குரலில் சந்தோஷம். ஆட்சேபம் ஏற்கப்பட்டதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டான். அந்த எண்களை நீயே திருப்பிக் கொடுத்துவிடு என்றேன். சிரித்தான். அத்தை விளையாடுகிறார் என்றான்.

நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் பேசத் தொடங்கினான். அடித்தளம் போட்டாயிற்று, ஜூனில் கோபுரம் எழும்பிவிடும், சொந்த எண் இருக்கிறவரைதான் தலைநகரத்துக்காரர்கள் தன்னோடு பேரம் பேசுவார்கள், அது போனால் பேரம் இல்லை, உத்தரவுதான். நன்றாகப் பேசினான். பேசவிட்டேன்.

"மாகா, இது ஆபீஸ்ல இருந்து கேக்குறது இல்ல. உங்கப்பனோட அக்கா கேக்குறேன்."

அவன் வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.

"சரிங்க அத்தை. எதுல கையெழுத்துப் போடணும்?"

அவ்வளவுதான். ஒரு "ஏன்" வரும் என்று இரண்டு பதில் தயாராக வைத்திருந்தேன். வேண்டியிருக்கவில்லை. வைப்பதற்கு முன்னால் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான்.

நான் கேட்டதில் தப்பு என்ன? புது வகை எண் வாங்கிக்கொள்ளட்டும். சின்னப் பையன், இருபத்தெட்டு வயசு, எதையும் திரும்பக் கட்டலாம்.

மார்ச் 6, புதன்

ஆட்சேபம் திரும்பப் பெறப்பட்டது. எண்களை ஒப்படைக்கும் படிவமும் வந்துவிட்டது. காரணம்: "தேவை இல்லை." என் பெயர் எங்கும் இல்லை. மரியாதை தெரிந்தவன்.

மார்ச் 8, வெள்ளி

வாராந்திரக் கூட்டத்தில் டெரன்ஸ் நேர்மை என்று தொடங்கி, திரும்பி வந்த எண்களின் பட்டியலைக் காட்டி, சிலர் தங்கள் சொந்த இரத்தத்தைக்கூடப் பார்ப்பதில்லை என்று முடித்தார். கை தட்டினார்கள். எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மாரிவிக் தட்டவில்லை. பிறகு பாத்திரம் கழுவுகிற இடத்தில் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் விதியைக் காப்பாத்தல லோசா. விதில அவனுக்கு இடம் இருந்துச்சு. நீ உன்னைக் காப்பாத்திக்கிட்ட."

உங்கள் ஊரில் என்னைப் போல் நாலு பேர் இருந்திருந்தால் நீ இங்கே வந்து பிழைக்க வேண்டியிருக்காது என்றேன். தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். என் கோப்பையையும் சேர்த்துக் கழுவுகிற வழக்கம் அவளுக்கு. இன்று அது அப்படியே கிடந்தது.

மார்ச் 19, செவ்வாய்

சூலியா கூப்பிட்டாள், தோமாசியின் மனைவி. தம்பி கூப்பிட மாட்டான். வயசுக்கு வந்தபின் அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்துகூடப் பேசுவதில்லை எங்களில். என்ன நடந்தாலும் அவன் வாய் திறக்க முடியாது. அது எனக்கு வசதி என்று இன்றுதான் தோன்றியது.

தலைநகரத்துக்காரர்கள் எதிர்பார்த்ததைவிட வேகம். சொந்த எண் இல்லாதவன் எங்களுக்குக் கீழே முகவர், கோபுரமும் எங்கள் பெயருக்கு மாற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மாகா சாப்பிடுவதில்லையாம். சூலியா சுற்றி வளைத்துப் பேசினாள், முதலில் கிழங்கு விளைச்சல், பிறகு பாடகர் குழு, பிறகு இது. கடைசியில் அடக்க முடியாமல் உடைந்தாள்.

"பன்னி வேணும்னா பன்னி கேளுங்க அக்கா. பாய் வேணும்னா வீட்ல இருக்கிற பாயெல்லாம் கேளுங்க. இதை எதுக்குக் கேட்டீங்க? இது உங்க வீட்டுக்குக்கூட வரலையே. எவனோ எடுத்துக்கப் போறான்."

நாத்தனாரிடம் பேசுகிற பேச்சா இது என்றேன். உடனே அடங்கிவிட்டாள். மன்னிச்சிருங்க அக்கா, மன்னிச்சிருங்க. நான் சொல்லாமல் அவள் போனை வைக்கவும் முடியாது. கொஞ்ச நேரம் அழவிட்டு, பிறகு வை என்றேன்.

வீட்டுக்கு வரலையே. வீட்டுக்கு வரலையே. இது என்ன பேச்சு? எண்களைக் கொண்டுவந்து அலமாரியிலா அடுக்குவார்கள்? ஒன்றும் தெரியாதவள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

திருப்பி வந்த எண்களை உடனே யாருக்கும் கொடுப்பதில்லை, சில வாரம் ஒதுக்கி வைத்திருப்போம். பழைய கெட்ட பெயர் ஏதும் ஒட்டியிருந்தால் ஆறட்டும் என்று. மாகாவின் எண்கள் அங்கேதான் இருக்கின்றன. தவறுதலாக ஒப்படைத்துவிட்டேன் என்று அவன் ஒரு வரி எழுதினால் போதும், திரும்பக் கிடைத்துவிடும். எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

எழுது என்றும் சொல்லவில்லை. நான் சொன்னாலொழிய எழுத மாட்டான் என்று எனக்குத் தெரியும். நேர்முகம் இன்னும் முடியவில்லை. முடியட்டும்.

ஏப்ரல் 30, செவ்வாய்

நேர்முகம் முடிந்தது. ஒருவர் கேட்டார், உங்கள் ஆட்களிடம் கண்டிப்பாக இருப்பது கஷ்டமாக இல்லையா என்று. இல்லை என்றேன். தயங்காமல் சொன்னேன்.

மே 7, செவ்வாய்

எனக்குத்தான்.

மே 20, திங்கள்

புதிய அறை. ஜன்னல் வழியாக ஆறு தெரிகிறது. மாரிவிக் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டாள், கொடுத்துவிட்டேன்.

ஒதுக்கி வைத்த எண்களின் கெடு இன்று முடிந்தது. காத்திருப்போரில் முதலில் நின்றது இணையத்தில் சூதாட்டம் நடத்துகிற ஒரு நிறுவனம். ஆவணங்கள் எல்லாம் ஒழுங்கு. எங்கள் விதியில் சூதாட்டத்துக்குக் கொடுக்காதே என்று இல்லை. வவாவு மேட்டுக்கு என்று வாங்கிய எண்களில் இனி சீட்டு ஓடும். யாராவது ஒருவர் அனுமதி கொடுக்க வேண்டும். இதைக் கீழே இருப்பவர்களிடம் தள்ளிவிட்டிருக்கலாம். நானே கொடுத்தேன். இந்த ஒன்றையாவது கோழைத்தனம் இல்லாமல் செய்தேன்.

பிறகு எழுந்து ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். வெயில் கண்ணில் அடித்தது.

ஜூலை 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது பாடகர் குழுப் பெண் ஒருத்தி, உங்கள் மருமகனைப் பண்டபெர்க்கில் பார்த்தோமே என்றாள். அங்கே தோட்டங்களில் சர்க்கரைவள்ளி தோண்ட எங்கள் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். மாகா வந்து ஒரு மாதம் ஆகிறதாம். எனக்குத் தெரியும் என்பது போலத் தலையாட்டினேன். அவளுக்கு எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கேக் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

ஜூலை 21, ஞாயிறு

காரை எடுத்துக்கொண்டு பண்டபெர்க் போனேன். தகரக் கூரைக் கொட்டகை, ஓர் அறையில் எட்டுப் பேர். யாரோ உள்ளே போய்ச் சொல்ல, சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வந்தான். கருத்துவிட்டான், விரல் நகமெல்லாம் மண். நான் காரில் உட்கார்ந்திருந்ததால் தரையில் உட்கார்ந்தான். என் தலைக்கு மேலே அவன் தலை வரக் கூடாதாம். சுற்றி வெள்ளைக்காரப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள், எனக்குக் கூச்சமாக இருந்தது.

கோபுரம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். தலைநகரத்துக்காரர்களுடையது, பலகை மாட்டிவிட்டார்கள், நன்றாக ஓடுகிறது என்றான். புகார் ஒன்றும் இல்லை குரலில். புகார் சொன்னால் திட்டலாம் என்று வந்தேனோ என்னவோ.

"இங்க வந்ததை ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே அத்தை."

டிசம்பரில் கல்யாணம் என்றான். பெண் ஹாபாய் தீவுக்காரி, இங்கே தோட்டத்தில் பார்த்துப் பிடித்துப்போனதாம். கிளம்பும்போது ஒரு மூட்டை சர்க்கரைவள்ளியைத் தூக்கிப் பின்னால் வைத்தான். நல்ல கிழங்காகப் பொறுக்கி வைத்திருந்தான். வழி முழுக்க அந்த மண் வாசனை. வீட்டுக்கு வந்ததும் மூட்டையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். ஏன் அழுதேன் என்று தெரியவில்லை. தெரியும். எழுதப் பிடிக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. அச்சடித்தது. மாப்பிள்ளையின் அப்பாவோடு பிறந்த மூத்தவளை நாலு பேர் வந்து அழைக்க வேண்டும், வர முடியாவிட்டால் இங்கிருக்கும் சொந்தக்காரர்களையாவது அனுப்ப வேண்டும். இந்தக் காலத்தில் யார் அதெல்லாம் பார்க்கிறார்கள்? கடல் தாண்டி வருவதற்குத் தபால் வசதிதானே.

கல்யாணத்தில் எல்லோருக்கும் மேலே உட்கார வேண்டியவள் நான். எங்களுக்குத் தங்கம் போன்ற சம்பந்தி வீட்டுப் பாய்கள், மரப்பட்டைத் துணிகள், கேக்கின் மேல் அடுக்கு எல்லாம் முதலில் என் முன்னால்தான் வந்து குவியும். மாகாவுக்கே அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். எல்லோரும் பார்க்கிற மாதிரி. அதோடு எல்லாம் சரியாகிவிடும்.

டிசம்பர் 6, வெள்ளி

விசேஷத்துக்கு எங்களில் உடைக்கு மேல் இடுப்பில் பாய் கட்ட வேண்டும். நல்லதாக ஒன்று வாங்கினேன், லோகனில் ஒரு கிழவியிடம். மெல்லிய பின்னல். அலுவலகத்தில் பத்து நாள் விடுப்பு. ராணி போல இருக்கப் போகிறாய் என்றார்கள்.

டிசம்பர் 14, சனி. வவாவு

விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். விமான நிலையத்துக்கு ஒரு பையன் வந்து என்னை இங்கே இறக்கிவிட்டான். வீட்டில் கூட்டமாம், இங்கே உங்களுக்குச் சௌகரியமாக இருக்குமாம்.

கல்யாணம் முடிந்து பந்தலுக்குள் நுழைந்தபோதே பார்த்துவிட்டேன். பாய் விரித்து எல்லோரும் கீழே உட்கார்ந்திருந்தார்கள். பந்தலின் தலைப்பக்கத்தில், நான் உட்கார வேண்டிய இடத்தில், என் தங்கை கலோலைனே. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். அவள் முன்னால் பாய்கள் குவிந்திருந்தன. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள், எழுந்திருக்கவில்லை.

சூலியா வாசலுக்கு ஓடி வந்தாள். முதுகை வளைத்து, குரலைத் தாழ்த்தி, எந்த மரியாதையிலும் குறை இல்லாமல். அது என் இடம் இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"உங்க பங்கைத்தான் நீங்க மார்ச்லயே வாங்கிக்கிட்டீங்களே அக்கா. மாகா கொடுத்துட்டானே. இது சின்னவளோடது."

பிறகு யாரையோ பார்த்துக் கையசைத்தாள். ஒரு பையன் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து பந்தலின் ஓரத்தில் போட்டான். அங்கே ஏற்கெனவே மூன்று நாற்காலிகள், படகில் ஊர் சுற்றுகிற பாலங்கிகளுக்கு. அவர்களுக்குச் சம்மணம் போட வராது என்று எங்கள் ஊரில் எப்போதும் நாற்காலி போடுவார்கள். சூலியா அதைத் தன் துணியாலேயே துடைத்தாள்.

"உக்காருங்க அக்கா. கீழ உக்காந்து உங்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும்."

உட்கார்ந்தேன். நின்றுகொண்டே இருக்க முடியுமா? தோமாசி எதிரே இருந்தான், முறைப்படி என் பக்கம் பார்க்கவில்லை. மாகா ஒருமுறை பார்த்துத் தலை தாழ்த்தினான், மணமகளிடம் ஏதோ சொன்னான், அவளும் தாழ்த்தினாள். இடுப்பில் கட்டிய பாய் நாற்காலியில் மடங்கிக் குத்தியது.

முதல் தட்டு எங்கள் ஓரத்துக்குத்தான் வந்தது, விருந்தாளிகளுக்கு முதலில். பன்றியின் நல்ல துண்டு, தேங்காய்ப்பாலில் சேம்பிலை. பக்கத்து நாற்காலியில் இருந்த நியூசிலாந்துக்காரி எனக்கு முள்கரண்டி எடுத்துக் கொடுத்து, இந்த மாதிரிக் கல்யாணம் பார்ப்பது இதுதான் முதல் தடவையா, நீங்கள் எந்த ஊர் என்று விசாரித்தாள்.

பிரிஸ்பேன் என்றேன்.